மறுக்க இடம் தரும் அறிக்கை: வாகன மதிப்பீட்டின் நம்பகத்தன்மை குறித்து

மோட்டார் காப்பீட்டில் இழப்பீடு கோரியவர்கள் பலருக்கும் ஒரு அனுபவம் பொதுவானது. பட்டறை போட்டுக் கொடுத்த எஸ்டிமேட் ஒரு தொகை. காப்பீட்டு நிறுவனம் நியமித்த சர்வேயர் எழுதிய தொகை வேறு. வங்கிக் கணக்கில் வந்து சேர்வது மூன்றாவது ஒரு தொகை. இடையில் இருப்பது சில பக்கங்கள் கொண்ட ஒரு மதிப்பீட்டு அறிக்கை. பெரும்பாலோர் அதைக் கண்ணால் காண்பதே இல்லை. கண்டவர்களும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்த் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். பழைய கார் வாங்கும்போது கிடைக்கும் ‘இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்’டுக்கும், கடன் தரும் நிறுவனம் கேட்கும் மதிப்பீட்டுச் சான்றுக்கும் இதே கதிதான்.

இந்த அறிக்கைகளில் எதை நம்பலாம் என்பதற்குப் புழக்கத்தில் மூன்று விடைகள் உள்ளன. உரிமம் பெற்றவர் முத்திரையிட்டுக் கையெழுத்திட்டிருந்தால் நம்பலாம் என்பது அலுவலகங்களின் விடை. கருவியும் விலைத் தரவுத்தளமும் சொன்னால் நம்பலாம் என்பது புதிய நிறுவனங்களின் விடை. காசு கொடுத்தவனுக்குச் சாதகமாகத்தான் எழுதுவார்கள், எதையும் நம்ப வேண்டாம் என்பது தெருவின் விடை. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் அறிக்கைக்கு வெளியே நின்று பேசுகின்றன. அறிக்கையின் உள்ளே, அது எழுதப்பட்ட விதத்தில், நம்பகத்தன்மைக்கான அடையாளம் ஏதும் உண்டா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தவறென்றால் எந்த வரியில் தவறு என்று எதிர்த்தரப்பு சுட்டிக்காட்ட எந்த அறிக்கை வழிவிடுகிறதோ, அதுவே நம்பத் தகுந்தது என்பது என் வாதம்.

எந்த மதிப்பு?

ஒரே காருக்கு ஒரே நாளில் பல மதிப்புகள் இருக்கலாம். காப்பீட்டு ஆவணத்தில் உள்ள ஐடிவி (காப்பீட்டுக்காக அறிவிக்கப்பட்ட மதிப்பு) ஒன்று. அதே தெருவில் ஒருவர் விரும்பி வாங்கும் விலை ஒன்று. தவணை கட்டாததால் பறிமுதல் செய்யப்பட்டு ஏலத்துக்கு வந்தால் கிடைப்பது இன்னொன்று. நொறுங்கிய பின் சால்வேஜ் வாங்குபவர் தருவது நான்காவது.

இவற்றில் ஐடிவி சந்தையைப் பார்த்துச் சொல்லப்படுவதில்லை. அட்டவணையைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகளின்படி, அந்த மாடலின் தற்போதைய ஷோரூம் விலையிலிருந்து வாகனத்தின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிக்கப்படும்: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50. ஐந்தாண்டு கடந்த வண்டிக்கு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே ஐடிவி. 2007 ஜனவரியில் வாகனச் சேதக் காப்பீட்டின் கட்டணங்கள் சந்தைக்குத் திறந்துவிடப்பட்ட பிறகும் இந்த அட்டவணை பாலிசி வாசகங்களில் வாழ்கிறது. அண்ணா நகரில் கண்ணும் கருத்துமாக வைத்திருந்த காருக்கும், வாடகைக்கு ஓடித் தேய்ந்த அதே வயதுக் காருக்கும் அட்டவணை ஒரே விகிதத்தைத்தான் தரும். அட்டவணையின் நோக்கம் தகராறைக் குறைப்பது. நியாய விலையைக் கண்டுபிடிப்பது அதன் வேலையே இல்லை.

ஆகவே ‘மதிப்பு: ரூ. 6,00,000’ என்று மட்டும் எழுதிய அறிக்கை எதையும் சொல்லவில்லை. எந்த நோக்கத்துக்கு, எந்த நாளில், எந்த அடிப்படையில் என்ற மூன்றும் தொகைக்கு முன்னால் வர வேண்டும். இவை இல்லாத அறிக்கையின் மற்றப் பக்கங்களைப் படிப்பதில் பயனில்லை.

நீதிமன்றங்கள் சொன்னது

1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64யூஎம் பிரிவு, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்கு உரிமம் பெற்ற சர்வேயரின் அறிக்கையைக் கட்டாயமாக்குகிறது. அந்தத் தொகை நெடுங்காலம் 20,000 ரூபாயாக இருந்தது, பிறகு உயர்த்தப்பட்டது. ஆனால் அதே பிரிவு, சர்வேயர் மதிப்பிட்ட தொகையிலிருந்து மாறுபட்ட தொகைக்குத் தீர்வு காணும் உரிமையையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு விட்டுவைத்திருக்கிறது. அறிக்கை இல்லாமல் தீர்வு இல்லை. அறிக்கையே தீர்வும் இல்லை. சட்டத்தின் இந்த இரட்டை நிலையிலிருந்துதான் வழக்குகள் பிறந்தன.

2009இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் என்ற வாகன இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது: சர்வேயர் அறிக்கை இறுதி வார்த்தையல்ல, தீர்வுக்கு அடித்தளமாகலாம், ஆனால் நிறுவனத்தையோ பாலிசிதாரரையோ கட்டுப்படுத்தாது. அதே ஆண்டில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில் நீதிமன்றம் மறுபக்கத்தைத் தொட்டது. தனக்கு வேண்டிய தொகை கிடைக்கும்வரை ஒருவர் பின் ஒருவராகச் சர்வேயர்களை நியமித்துக்கொண்டே போக நிறுவனத்துக்கு உரிமை இல்லை; முதல் அறிக்கையை ஏற்காததற்குக் காரணம் சொல்ல வேண்டும். 2021இல் கதேமா ஃபைபர்ஸ் என்ற தீ விபத்து வழக்கு நூலை மறுபடி இறுக்கியது. சர்வேயர் தொழில் நெறியை மீறினார், தன்னிச்சையாக நடந்தார் என்று காட்டப்படாதவரை, அவர் முடிவை நுகர்வோர் ஆணையம் புரட்டிப் பார்ப்பதற்கான இடம் குறுகியது என்றது.

இத்தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகச் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்றும் கேட்பது ஒன்றைத்தான்: காரணம். அறிக்கையைத் தள்ளுபவரும் காரணம் சொல்ல வேண்டும். அறிக்கை எழுதியவரும் காரணத்தோடு எழுதியிருக்க வேண்டும். நிபுணர் கருத்துக்குச் சாட்சியச் சட்டம் வைத்திருக்கும் இடமும் இதுதான். 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணரின் கருத்தை ஏற்றது. 51ஆம் பிரிவு அந்தக் கருத்துக்கான ஆதாரங்களும் பரிசீலனைக்கு உரியவை என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டமும் இவ்விரண்டையும் தக்கவைத்துக்கொண்டுள்ளது. ஒன்றரை நூற்றாண்டாகச் சட்டம் சொல்வதை நம் மதிப்பீட்டு அறிக்கைகளில் கணிசமானவை இன்னும் கேட்டதாகத் தெரியவில்லை.

கண்டது, கேட்டது, ஊகித்தது

ஒரு அறிக்கையின் தரத்தை எடைபோட நான் முதலில் பார்ப்பது அதன் வினைச்சொற்களை. ‘முன்பக்கப் பம்பர் உடைந்துள்ளது’ என்பது கண்டது. ‘எதிரே வந்த லாரியைத் தவிர்க்கத் திருப்பியதில் மரத்தில் மோதியது’ என்பது ஓட்டுநர் சொன்னது. ‘சேஸிஸ் வளைவு இந்த மோதலால் ஏற்பட்டதே’ என்பது ஊகம். நல்ல மதிப்பீட்டாளர் மூன்றையும் கலக்க மாட்டார். மோசமான அறிக்கையில் மூன்றும் ஒரே பத்தியில், ஒரே உறுதியோடு வரும்.

இதன் முக்கியத்துவம் சென்னை வெள்ளங்களின்போது நன்றாக வெளிப்பட்டது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் ஆயிரக்கணக்கான வாகனங்கள் நீரில் நின்றன. அப்போது எழுந்த பெரிய தகராறு இன்ஜின் பற்றியது. காற்று உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், காற்றைப் போல அது அமுங்காது. பிஸ்டன் மேலே வர முடியாமல் கனெக்டிங் ராடு வளைகிறது அல்லது முறிகிறது. பட்டறைக்காரர்கள் இதை ‘ஹைட்ரோ லாக்’ என்பார்கள். ஆனால் நின்ற இன்ஜின் வெறுமனே மூழ்கினால் ராடு வளையாது. வளைந்த ராடு சொல்வது ஒன்றே: தண்ணீர் உள்ளே இருக்கும்போது இன்ஜின் சுழன்றிருக்கிறது. நீருக்குள் ஓட்டிச் சென்றதாலா, நீர் வடிந்த பின் சாவியைத் திருப்பியதாலா என்பதை ராடு சொல்லாது. இரண்டாவது என்றால், அது வெள்ளத்தின் நேரடிச் சேதமல்ல, பின்விளைவு என்று சொல்லி நிறுவனம் மறுக்கும்; இன்ஜினுக்கெனத் தனிப் பாதுகாப்பு எடுக்காதவர் பெருந்தொகையை இழப்பார்.

இத்தகைய காரைப் பற்றிய நம்பகமான அறிக்கை எப்படி இருக்கும்? கதவின் உட்புறத்தில் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் நின்றது, தரைவிரிப்புக்குக் கீழுள்ள பஞ்சு நனைந்திருந்ததா, சீட் தண்டவாளத்தில் துரு ஏறியிருந்ததா, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தபோது மண் படிந்திருந்ததா, ஏர் ஃபில்டர் ஈரமா, ஆயில் வெளுத்துப் பால் நிறமாகியிருந்ததா, எந்த சிலிண்டரின் ராடு வளைந்திருந்தது என்பதையெல்லாம் படத்தோடு பதிவு செய்யும். உரிமையாளர் சொன்ன நேரமும் வண்டி நின்ற இடமும் அவர் கூற்றாகவே இருக்கும். பிறகு, ‘இன்ஜின் எப்போது சுழற்றப்பட்டது என்பதை இந்த ஆய்வால் உறுதி செய்ய இயலவில்லை’ என்ற ஒரு வரி இருக்கும். பல சர்வேயர்கள் இந்த வரியை எழுதத் தயங்குகிறார்கள். தெரியவில்லை என்று எழுதினால் தகுதிக் குறைவு போலத் தோன்றுமாம். என் பார்வையில் மற்ற வரிகளை நம்பவைப்பதே அந்த வரிதான். ‘உரிமையாளரின் கவனக்குறைவால் இன்ஜின் சேதம்’ என்று எந்த ஆதாரமும் காட்டாமல் முடிக்கும் அறிக்கை, மதிப்பீட்டாளர் இருக்கையிலிருந்து எழுந்து நீதிபதி இருக்கையில் உட்கார்ந்துவிடுகிறது.

படங்களைப் பற்றியும் ஒரு சொல். சேதத்தின் நெருக்கக் காட்சி மட்டும் இருந்தால் அது எந்த வண்டியின் சேதம் என்பது தெரியாது. பதிவெண் தெரியும் முழுக்காட்சி, 17 எழுத்துகள் கொண்ட சேஸிஸ் எண், மீட்டர், பிறகு சேதம் என்ற வரிசையில் படங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வர வேண்டும். மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழில், கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் ஹேஷ் மதிப்பைக் குறிப்பிடப் புதிய சாட்சியச் சட்டம் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் சுருங்கிக் கைமாறி வந்த படத்தை அறிக்கையில் ஒட்டும் பழக்கம் இனி வழக்குகளில் நிற்பது கடினம்.

கணக்கின் வழி

சேதம் ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னும் தொகையில் சண்டை வருவது கணக்கின் படிகள் மறைக்கப்படுவதால்தான். பாகங்களுக்குத் தனித் தேய்மானம் உண்டு. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம், ஃபைபர் கிளாசுக்கு 30, கண்ணாடிக்கு ஏதுமில்லை. உலோகப் பாகங்களுக்கு வயதைப் பொறுத்து: ஆறு மாதம் வரை இல்லை, மூன்று முதல் நான்காண்டு என்றால் 25, பத்தாண்டு தாண்டினால் 50.

பெயிண்டில்தான் தவறு அதிகம் நேர்கிறது. தேய்மானம் 50 சதவீதம் என்றாலும் அது பொருளின் விலைக்கு மட்டுமே, கூலிக்கு அல்ல. பட்டறை மொத்தமாக பில் போட்டால் அதில் 25 சதவீதமே பொருள் என்று கொள்ள வேண்டும். ஆகவே 40,000 ரூபாய் பெயிண்ட் பில்லில் பொருள் 10,000, கழிவு 5,000. முழுப் பில்லில் பாதி கழித்தால் கழிவு 20,000 ஆகிவிடும். 15,000 ரூபாய் வித்தியாசம், ‘பெயிண்டிங் — அனுமதிக்கப்பட்டது ரூ. 20,000’ என்ற ஒற்றை வரிக்குள் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். பில் தொகை, பொருளின் பங்கு, விகிதம், கழிவு, மீதி என்று ஐந்து கட்டங்களாக எழுதியிருந்தால் கணக்குத் தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவனே பிழையைப் பிடித்துவிடுவான்.

இதைவிடக் கனமானது ‘டோட்டல் லாஸ்’ எல்லை. மீட்பு, பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். ஷோரூம் விலை பத்து லட்சம், பாலிசி தொடங்கிய நாளில் வயது மூன்றாண்டுக்கு மேல், நான்காண்டுக்குள் என்று வைத்துக்கொள்வோம். ஐடிவி ஆறு லட்சம். எல்லை நாலரை லட்சம். பழுதுச் செலவு 4,40,000 என்றால் வண்டி பட்டறையிலேயே இருக்கும். 4,60,000 என்றால் சால்வேஜ் ஏலத்துக்குப் போகும். 20,000 ரூபாய் மாற்றத்தில் ஒரு குடும்பத்தின் காரே போகிறது அல்லது நொறுங்கி ஒட்டிய கார் திரும்பி வருகிறது. இங்கே தேய்மானம் கழிக்கும் முன்பான தொகையை எல்லையோடு ஒப்பிட்டார்களா, கழித்த பின்பானதையா என்பதே முடிவை மாற்றிவிடும். விதி ‘பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வதால் இரண்டு விதமாகவும் வாதம் நடக்கிறது. எதை எடுத்தோம் என்று எழுதாத அறிக்கையை எல்லைக்கு அருகில் உள்ள எந்த வழக்கிலும் நம்ப முடியாது. ஒரு அப்ரான் தகடு ‘டிங்கரிங் செய்யலாம்’ என்றா, ‘மாற்ற வேண்டும்’ என்றா தீர்மானிக்கப்பட்டது, ஏன் என்பதும் அப்படியே. எல்லையை எந்தப் பக்கம் தாண்டுவது என்பது பெரும்பாலும் இத்தகைய இரண்டு மூன்று தீர்மானங்களில்தான் தொங்குகிறது.

யார் கூலி கொடுக்கிறார்?

தெருவின் விடைக்கு இப்போது வரலாம். சர்வேயருக்குக் கட்டணம் தருவது காப்பீட்டு நிறுவனம். பழைய கார் சோதனைக்குப் பல சமயம் செலவழிப்பது விற்பவரோ விற்பனைத் தளமோ. கடன் மதிப்பீட்டில் ஏஜெண்டுக்குக் கடன் நடந்தால்தான் வருமானம். சார்பு இருக்கும் என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் சார்பற்றவர் ஒருவரைத் தேடிப்பிடிப்பதால் மட்டும் பிரச்சினை தீராது என்பதற்கு ஜப்பான் நல்ல சான்று.

ஜப்பானிய கார் ஏலங்களின் மதிப்பீட்டுத் தாள் உலகெங்கும் மதிக்கப்படுவது. ஏல நிறுவனத்தின் ஆய்வாளர், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வெளியே நின்று எழுதுவது அது. வண்டியின் வரைபடத்தில் கீறலுக்கு ‘ஏ’, நசுங்கலுக்கு ‘யூ’, பழுது பார்த்த அலைத் தடத்துக்கு ‘டபிள்யூ’, மாற்றப்பட்ட பாகத்துக்கு இரட்டை ‘எக்ஸ்’ என்று இடம் சுட்டிக் குறிப்பார். சட்டக அமைப்பில் பழுது பார்த்த வண்டிக்குச் சாதாரண எண் தரமே கிடையாது. ‘ஆர்’ என்ற தனிப் பிரிவு. வாங்கியவர் குறை கண்டால் குறித்த காலத்துக்குள் முறையிடலாம். அந்தத் தாளின் மதிப்பு அதன் தர எண்ணில் இல்லை. மறுக்கத் தக்க அளவுக்கு அது துல்லியமாக இருப்பதில் உள்ளது. இலங்கையில் 2020 முதல் நின்றிருந்த தனியார் வாகன இறக்குமதி 2025 பிப்ரவரியில் மீண்டும் திறந்ததும், அங்குள்ள வாங்குவோர் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். திருத்தப்பட்ட தாள்களும் புழங்குவதால், சேஸிஸ் எண்ணைக் கொடுத்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது புத்திசாலிகளின் வழக்கம்.

அதே ஜப்பானில்தான் 2023இல் பிக்மோட்டர் ஊழல் வெடித்தது. நாட்டின் மிகப்பெரிய பழைய கார் நிறுவனங்களில் ஒன்றான அதன் பட்டறைகளில், இழப்பீட்டுத் தொகையைக் கூட்டுவதற்காக வாடிக்கையாளர் கார்களை ஊழியர்களே சேதப்படுத்தினார்கள். காலுறைக்குள் கோல்ஃப் பந்தைப் போட்டுக் காரை அடித்த விவரம் விசாரணையில் வெளிவந்தது. அந்த நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார். அதோடு நிற்கவில்லை. சோம்போ ஜப்பான் என்ற காப்பீட்டு நிறுவனம், பிக்மோட்டர் அனுப்பிய கோரிக்கைகளுக்குத் தன் மதிப்பீட்டாளரை அனுப்பாமல் எளிமைப்படுத்திய முறையில் ஒப்புதல் தந்திருந்தது தெரியவந்தது. அதன் தலைவரும் விலக, 2024 ஜனவரியில் நிதிச் சேவைகள் முகமை சீர்திருத்த உத்தரவு பிறப்பித்தது.

மோசடிகள் எங்கும் நடப்பவை. இதில் கவனிக்க வேண்டியது வேறு: சேதத்தின் படங்கள் உண்மையானவை, காரில் சேதம் இருந்தது, கணக்கும் சரியாக இருந்திருக்கலாம். இல்லாமற்போனது, சேதத்தையும் விபத்தையும் பொருத்திப் பார்த்த ஒரு சுதந்திரமான கண். மோதிய உயரமும் திசையும் வேகமும் சேதத்தோடு ஒத்துப்போகின்றனவா என்ற கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. கைப்பேசி வீடியோவை அனுப்பினால் போதும், செயலி தொகை சொல்லிவிடும் என்ற முறைகள் இந்தியாவிலும் சிறு இழப்பீடுகளுக்கு வந்துவிட்டன. வேகம் நல்லதே. ஆனால் செயலி நசுங்கலை எண்ணும். நசுங்கலுக்கும் கதைக்கும் உள்ள பொருத்தத்தை எண்ணாது.

விலைத் தரவும் மீட்டரும்

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார் சந்தையைப் பற்றியது. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குபவர் எல்லாக் காருக்கும் சராசரி விலையே தருவார், நல்ல காரை வைத்திருப்பவர் சந்தையிலிருந்து விலகுவார், மோசமானவை மிஞ்சும். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. மதிப்பீட்டு அறிக்கை இந்த நோய்க்கு மருந்து என்று சொல்லப்படுவது வழக்கம். எனக்குத் தோன்றுவது, அறிக்கைகளின் சந்தைக்கும் அதே நோய் தொற்றியிருக்கிறது. மூன்று மணி நேரம் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தவரின் அறிக்கையும், நின்ற இடத்தில் பத்து நிமிடத்தில் முடித்தவரின் அறிக்கையும் ஒரே மாதிரி அச்சாகி, ஒரே மாதிரி முத்திரையோடு வந்தால், படிப்பவர் எப்படிப் பிரித்தறிவார்? மலிவானதே வெல்லும். எத்தனை நேரம், எந்த இடத்தில், எந்தக் கருவியோடு பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று எழுதும் கட்டாயம் வந்தால்தான் நேர்மையான உழைப்புக்கு விலை கிடைக்கும்.

மீட்டர் விஷயம் இதற்கு உதாரணம். அமெரிக்காவில் 1972லேயே மீட்டரைத் திருப்புவதற்கு எதிராகக் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அப்படியும் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் பொய்யான அளவோடு விற்கப்படுவதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிடுகிறது. ‘ஓடியது 28,000 கி.மீ.’ என்று எழுதுபவர் தான் அறியாததற்குச் சாட்சி சொல்கிறார். ‘மீட்டரில் கண்டது 28,000’ என்று எழுதி, அதைச் சர்வீஸ் பதிவோடும், பெடல் ரப்பரின் தேய்வோடும், டயர் பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க உற்பத்திக் குறியோடும் ஒப்பிடுபவரே மதிப்பீட்டாளர். அக்குறியின் முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பதிவாகி நான்காண்டு கழித்து உற்பத்தியான டயர்கள் நான்கும் 28,000 கிலோமீட்டர் காரில் இருந்தால் கேள்வி எழ வேண்டும். பெயிண்ட் தடிமன் மானியும் அப்படித்தான். தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 180 மைக்ரான். ஒரு கதவில் மட்டும் பல மடங்கு காட்டினால் அடியில் பட்டி இருக்கிறது. ஆனால் ‘விபத்தில் சிக்கிய வண்டி’ என்ற முடிவை மானி தராது. பார்க்கிங்கில் உரசியதற்கும் பட்டி போடுவார்கள். அளவை அளவாக எழுதி, முடிவைத் தனியே எழுதுவதே முறை.

இணைய விலைக் கணிப்பான்களில் நான் அதிகம் தங்க விரும்பவில்லை. அவை தருவது பெரும்பாலும் கேட்கும் விலைகளின் தொகுப்பு. கைமாறிய விலை அல்ல. ரூ. 4,37,250 என்று கடைசி இலக்கம் வரை அவை சொல்லும்போது வரும் நம்பிக்கை இலக்கங்களின் மீதான நம்பிக்கையே. ஒப்பிட்ட வண்டிகள் எவை, எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று தராத எந்த ஒப்பீட்டையும் விலக்கிவிடுவதே சரி.

படிப்பவரின் பங்கு

அறிக்கைகள் மேம்படாமல் இருப்பதற்கு ஒரு காரணம், அவற்றை யாரும் படிப்பதில்லை என்பது எழுதுபவர்களுக்குத் தெரிந்திருப்பது. சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை பாலிசிதாரருக்கு 2002ஆம் ஆண்டுப் பாலிசிதாரர் நலன் பாதுகாப்பு விதிமுறைகளிலேயே தரப்பட்டது. அறிக்கை குறையுடையதாக இருந்தால் நிறுவனம் கூடுதல் அறிக்கை கோருவதற்கு அதே விதிமுறைகள் ஒரே ஒரு முறைதான் இடம் தந்தன. ஆகவே உங்கள் ஆட்சேபம் நிறுவனம் கூடுதல் அறிக்கை கேட்பதற்கு முன்பே அதனிடம் போய்ச் சேர வேண்டும். இழப்பீட்டுத் தொகை கணக்கில் ஏறும்வரை காத்திராமல், அறிக்கையின் முழு நகலைத் தேய்மானக் கணக்குத் தாளோடும் படங்களோடும் சேர்த்து எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். உடன்பாடில்லாத வரியை எண்ணிட்டுச் சுட்டிக்காட்டி, ஆதாரத்தோடு பதில் எழுதுங்கள். அப்படிச் சுட்டிக்காட்ட ஒரு வரிகூட விடாமல் தொகையை மட்டும் சொல்லும் அறிக்கை வந்தால், அந்தக் குறையையே முதல் ஆட்சேபமாக எழுதுங்கள்.